பல கைகளில் ஒரு கதை

பல எழுத்தாளர்கள் கூடி ஒரே கதையை எழுதும் வழக்கத்தை ஆங்கிலத்தில் பெரிய அளவில் வளர்த்தவை பத்திரிகைகள்தான். சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பிதழ் வரும். அதில் டிக்கன்ஸ் ஒரு சட்டகக் கதையை அமைப்பார். சில பயணிகள் ஒரு விடுதியில் தங்க நேரிடும், அல்லது ஒரு வீட்டில் பலர் கூடுவார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லும் கதையை வேறொரு எழுத்தாளர் எழுதித் தருவார். 1859-இல் அவர் தொடங்கிய அடுத்த இதழான 'ஆல் தி இயர் ரவுண்ட்' இந்த வழக்கத்தைத் தொடர்ந்தது. அந்த ஆண்டின் சிறப்பிதழ் 'தி ஹான்டட் ஹவுஸ்'. ஒரு பேய் வீடு, அறைக்கு ஒரு கதை. எலிசபெத் காஸ்கெல், வில்கி காலின்ஸ், ஹெஸ்பா ஸ்ட்ரெட்டன் ஆகியோர் ஆளுக்கோர் அறையை எடுத்துக்கொண்டார்கள். அடிலெய்ட் புராக்டர் தன் அறைக்குச் செய்யுளில் கதை சொன்னார்.

சிறப்பிதழ்கள் நன்றாக விற்றன. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அச்சானது டிக்கன்ஸின் பெயர் மட்டுமே. எந்தக் கதை யாருடையது என்று அன்றைய வாசகருக்கு இதழ் பெரும்பாலும் சொல்லவில்லை. சட்டகமும் நிலைக்கவில்லை. 1866-இன் 'மக்பி ஜங்ஷன்' ஒரு ரயில் சந்திப்பையும் அதிலிருந்து பிரியும் கிளைப் பாதைகளையும் வைத்துக் கட்டப்பட்டது. அதில் முதல் கிளைப் பாதையின் கதையாக வந்த 'தி சிக்னல்மேன்' இன்று பேய்க்கதைத் தொகுப்புகளில் தவறாமல் இடம் பெறுகிறது. அதைச் சுற்றியிருந்த சந்திப்பை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. 1867-இல் டிக்கன்ஸும் காலின்ஸும் மட்டும் சேர்ந்து எழுதிய 'நோ தரோஃபேர்' கடைசிச் சிறப்பிதழ். அடுத்த ஆண்டு டிக்கன்ஸ் இந்த ஏற்பாட்டையே கைவிட்டார்.

சட்டகத்துக்குள் தனித்தனிக் கதைகளை அடுக்குவது ஒரு வகை. ஒரே கதையை அத்தியாயத்துக்கு ஒருவராக எழுதுவது இன்னொரு வகை, இதைவிடக் கடினமானது. லண்டனின் 'தி ஜென்டில்வுமன்' இதழ் 1891-92-இல் அந்தத் துணிச்சலில் இறங்கியது. 'தி ஃபேட் ஆஃப் ஃபெனெல்லா' என்ற அந்தத் தொடரை 24 பேர் எழுதினார்கள். பெண் ஓர் அத்தியாயம், ஆண் ஓர் அத்தியாயம் என்று மாறி மாறி வந்தது. நான்காம் அத்தியாயம் ஆர்தர் கானன் டாயில், பத்தாவது பிராம் ஸ்டோக்கர். ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஒருவரோடு ஒருவர் கலந்து பேசக் கூடாது என்பதே விதி. முன்திட்டம் எதுவும் கிடையாது. விளைவு எதிர்பார்க்கக் கூடியதே. ஒருவர் போட்ட முடிச்சை அடுத்தவர் அவிழ்ப்பதில்லை, பக்கத்தில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இந்த நாவலை இன்று எடுத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு பெயர்களுக்காகவே பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் 1907-08-இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழில் வந்த 'தி ஹோல் ஃபேமிலி' இதைவிடக் கவனமாகத் திட்டமிடப்பட்டது. யோசனை வில்லியம் டீன் ஹவெல்ஸுடையது. எழுத்தாளர்களைச் சேர்த்தவர் இதழாசிரியர் எலிசபெத் ஜோர்டன். ஒரு குடும்பம், 12 பேர், ஆளுக்கோர் உறுப்பினரின் குரல். தந்தையின் அத்தியாயத்தை ஹவெல்ஸே எழுதினார். மணமான மகனின் அத்தியாயம் ஹென்றி ஜேம்ஸுக்குப் போனது. கதை தடம் மாறியது இரண்டாவது அத்தியாயத்திலேயே. மணமாகாத அத்தையை ஒதுங்கி வாழும் முதிர்கன்னியாகவே ஹவெல்ஸ் நினைத்திருந்தார். மேரி வில்கின்ஸ் ஃபிரீமனின் அத்தை அழகும் மிடுக்குமாக வந்து நின்றாள், அண்ணன் மகளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையே அவள்மீது மையல் கொண்டிருந்தான். ஹவெல்ஸ் பதறினார், அதை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜோர்டன் அச்சிட்டார். மற்ற பத்துப் பேரும் அந்த அத்தையைச் சமாளிப்பதிலேயே தங்கள் பக்கங்களைச் செலவிட வேண்டியதாயிற்று.

கூட்டு நாவலின் இயல்பு இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. அடுத்த அத்தியாயத்தை எழுதுபவரே முந்தைய அத்தியாயத்தின் முதல் விமர்சகர். ஹவெல்ஸின் தலைமுறை மணமாகாத பெண்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஃபிரீமன் எழுதிய மதிப்புரையாகவே அந்த அத்தியாயத்தை வாசிக்கலாம். புத்தகம் ஒரு குடும்பக் கதையாகத் தேறியதா என்பது ஐயம். ஆனாலும் அதன் உயிர் அந்தச் சச்சரவில்தான் இருக்கிறது.

இந்த இயல்பைப் புரிந்துகொண்டு அதற்கேற்ற விதிகளை வகுத்தவர்கள் துப்பறியும் கதைக்காரர்கள். 1920-களின் இறுதியில் ஆந்தனி பார்க்லி தன் சக எழுத்தாளர்களை இரவு விருந்துகளுக்கு அழைக்கத் தொடங்கினார். அந்தக் கூடுகைகள் 1930 வாக்கில் 'டிடெக்‌ஷன் கிளப்' ஆயின. ஜி. கே. செஸ்டர்டன் முதல் தலைவர். புதிய உறுப்பினர் 'எரிக்' என்று பெயரிடப்பட்ட மண்டையோட்டின் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். துப்பறிபவர் தெய்வச் செயலையோ தற்செயலையோ நம்பிக் குற்றவாளியைப் பிடிக்கக் கூடாது, முக்கியத் தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பவை அதன் சாரம். பாதி விளையாட்டு, பாதி தொழில்தர்மம்.

கிளப்பின் முதல் கூட்டு முயற்சிகள் வானொலியில் ஒலித்தன. 1930-இல் பிபிசி ஒலிபரப்பிய 'பிஹைண்ட் தி ஸ்கிரீன்' தொடரில் ஆறு பேர் பங்கேற்றார்கள். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், பார்க்லி, ரொனால்ட் நாக்ஸ் ஆகியோர் அவர்களில் அடக்கம். அடுத்த ஆண்டு 'தி ஸ்கூப்' வந்தது. கிளப்புக்கென்று ஓர் அறை எடுக்க வாடகைப் பணம் வேண்டியிருந்தது என்பதும் இந்த முயற்சிகளுக்கு ஒரு காரணம்.

1931-இன் இறுதியில் வெளிவந்த 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' தான் இந்த வகையில் இன்றும் பேசப்படும் புத்தகம். ஒரு முன்கதையும் 12 அத்தியாயங்களும் கொண்டது. ஆற்றில் மிதந்து வரும் படகு ஒன்றில் ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரலின் உடல் கிடக்கிறது, கத்திக் குத்து. படகோ ஊர்ப் பாதிரியாருடையது. தொடக்கத்தை எழுதிய விக்டர் வைட்சர்ச் அவரே ஒரு பாதிரியார். வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ரட்ஜ் கை மாறிக் கை மாறிச் செல்கிறார். கணவன் மனைவியான கோல் இணையர், ஹென்றி வேட், கிறிஸ்டி, ஜான் ரோட், மில்வார்ட் கென்னடி, சேயர்ஸ், நாக்ஸ், ஃபிரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ், எட்கர் ஜெப்சன், கிளெமென்ஸ் டேன், கடைசியாகப் பார்க்லி. ஹாங்காங்கில் நடக்கும் முன்கதையைச் செஸ்டர்டன் எல்லோருக்கும் பிறகு எழுதினார்.

ஃபெனெல்லாவின் எழுத்தாளர்களுக்கு இல்லாத இரண்டு விதிகள் இவர்களுக்கு இருந்தன. மனத்தில் ஒரு திட்டமான தீர்வை வைத்துக்கொண்டே எழுத வேண்டும், வெறுமனே குழப்புவதற்காகப் புதுச் சிக்கலைக் கொண்டுவரக் கூடாது. இது முதல் விதி. முன்னவர்கள் விட்டுச் சென்ற எல்லாச் சிக்கல்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், இது இரண்டாவது. முதல் விதி காப்பாற்றப்பட்டதற்குச் சான்றாக, அத்தியாயத்தோடு தீர்வையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தீர்வுகள் நூலின் பின்னிணைப்பாக அச்சாகியிருக்கின்றன. பொதுவாகத் துப்பறியும் கதை எழுதுபவர் விடையை முதலில் முடிவு செய்துகொண்டு வினாவைப் பின்னால் கட்டுகிறார். பிறர் கட்டிய வினாவை அவிழ்க்க வேண்டி வந்தால் அவர் என்ன செய்வார் என்பதுதான் இங்கே நடந்த சோதனை. சேயர்ஸின் முன்னுரை இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

புத்தகத்தின் நடையில் ஏற்ற இறக்கம் உண்டு. படகுக் கயிறு, ஆற்றின் ஏற்றவற்றம், கதவுச் சாவி என்று தடயங்கள் குவிகின்றன. கிறிஸ்டியின் சிறிய அத்தியாயம் ஊர் வம்பு பேசும் விடுதிக்காரியை வைத்தே நகர்கிறது, அதில் அவர் கைவண்ணம் தெளிவாகத் தெரிகிறது. சேயர்ஸ் நீளமாக எழுதி இழைகளைப் பெருக்கிவிட்டார். எட்டாவது அத்தியாயத்துக்கு வந்த நாக்ஸ் கதையை நிறுத்திவிட்டு, அதுவரை விடை கிடைக்காத ஐயங்கள் 39-ஐப் பட்டியலிடுகிறார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 கொள்கைக் கூறுகளைக் கிண்டலடிக்கும் எண்ணிக்கை அது. நாக்ஸ் அந்தத் திருச்சபையை விட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். கதையின் ஓட்டத்துக்கு இந்த அத்தியாயம் தடையே. ஆனால் ஒரு நாவலுக்கு அதன் நடுப்பகுதியிலேயே எழுதப்பட்ட கறாரான மதிப்புரை இதைப்போல் வேறொன்று இருப்பது அரிது. பதினோராவது ஆளான கிளெமென்ஸ் டேன், நடந்தது என்னவென்று தனக்கே பிடிபடவில்லை என்று தன் தீர்வுக் குறிப்பில் ஒப்புக்கொண்டார். பார்க்லிக்கு வந்து சேர்ந்தது குப்பையைக் கூட்டும் வேலை. அத்தியாயத் தலைப்பிலேயே அதைக் குறிப்பிட்டுவிட்டு, மிக நீண்ட அத்தியாயத்தை எழுதி எல்லா இழைகளையும் முடிந்தவரை கட்டினார்.

முடிவு திருப்தி தருகிறதா என்று மட்டும் பார்த்தால் புத்தகம் சுமார்தான். பின்னிணைப்பையும் சேர்த்துப் படிக்கும்போது நிலைமை மாறுகிறது. ஒரே தடயக் குவியல். அதை வைத்துப் பலர் பல கொலைகளைக் கற்பனை செய்திருக்கிறார்கள். கிராஃப்ட்ஸுக்கு நேரக் கணக்கே உலகம், கிறிஸ்டிக்கு மனிதர்கள் போடும் வேடமே உலகம். துப்பறியும் கதையில் விடை என்பது தடயங்களிலிருந்து தானாக வருவதில்லை, எழுதுபவரின் மனப்போக்கிலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

கிளப் அடுத்து வெளியிட்ட 'ஆஸ்க் எ போலீஸ்மேன்' (1933) விமர்சனத்தை நேரடியாகவே விளையாட்டாக்கியது. பத்திரிகை முதலாளி ஒருவர் கொலையாகிறார். சந்தேகத்துக்கு உரியவர்களில் பேராயரும் ஒருவர், ஸ்காட்லாந்து யார்டின் உயரதிகாரியும் ஒருவர். வழக்கை எடுக்கும் எழுத்தாளர்கள் தங்கள் துப்பறிவாளர்களைப் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள். சேயர்ஸின் பீட்டர் விம்சியைப் பார்க்லி எழுதினார். பார்க்லியின் ரோஜர் ஷெரிங்கத்தைச் சேயர்ஸ் எழுதினார். கிளாடிஸ் மிட்செலின் திருமதி பிராட்லியை ஹெலன் சிம்ப்சன் எடுத்துக்கொண்டார். அதே 1933 முதல் 1935 வரை சேயர்ஸ் 'சண்டே டைம்ஸ்' ஞாயிறு இதழில் குற்றக்கதைகளுக்கு மதிப்புரை எழுதினார். பார்க்லியும் 'ஃபிரான்சிஸ் ஐல்ஸ்' என்ற புனைபெயரில் பின்னாளில் நெடுங்காலம் அதே வேலையைச் செய்தார். பார்க்லி எழுதிய விம்சியின் மிகையான பிரபுத்தனத்தில் இருக்கும் கூர்மை, பத்திரிகைப் பத்திகளில் எளிதில் அமையாதது. 1936-இன் 'சிக்ஸ் அகெய்ன்ஸ்ட் தி யார்ட்' இன்னும் ஒரு படி போனது. ஆறு எழுத்தாளர்கள் ஆளுக்கொரு 'பிடிபடாத' கொலையை எழுத, ஓய்வுபெற்ற காவல் கண்காணிப்பாளர் கார்னிஷ் ஒவ்வொன்றின் பின்னும் அதில் போலீஸுக்குப் பிடி எங்கே கிடைக்கும் என்று எழுதினார்.

அமெரிக்க மலிவு இதழ்களின் உலகில் இத்தகைய விதி எதுவும் இல்லை. ரசிகர் இதழான 'ஃபேன்டஸி மேகஸின்' 1935 செப்டம்பரில் 'தி சேலஞ்ச் ஃபிரம் பியாண்ட்' என்ற தலைப்பை இரண்டு அணிகளிடம் கொடுத்தது. திகில் கதை அணியில் சி. எல். மூர், ஏ. மெரிட், எச். பி. லவ்கிராஃப்ட், ராபர்ட் இ. ஹோவர்ட், ஃபிராங்க் பெல்க்னாப் லாங் என்று ஐந்து பேர். முகாமிட்டிருக்கும் ஒருவன் கையில் விசித்திரக் கல் ஒன்று கிடைப்பதாக மூர் தொடங்கினார். லவ்கிராஃப்ட் நீண்ட பகுதி ஒன்றை எழுதி, அவன் மனத்தை வேறொரு கோளின் புழு உடலுக்குள் மாற்றினார். அந்த உண்மை தெரிந்ததும் அவன் மயங்கிவிழுகிறான். அடுத்து வந்த ஹோவர்டின் கையில் அதே மனிதன் மயக்கம் தெளிந்து எழுகிறான், புது உடலை ரசிக்கிறான், ஆயுதம் ஏந்தி அந்தக் கோளையே பிடிக்கக் கிளம்புகிறான். கோனன் என்ற வாள்வீரனைப் படைத்த ஹோவர்ட், லவ்கிராஃப்டின் நடுங்கும் நாயகர்களைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு வேறு கட்டுரை தேவையில்லை. இருவரும் கடித நண்பர்கள். பகை எதுவும் கிடையாது.

அடுத்த திருப்பம் 1979-இல் வந்தது. ராபர்ட் ஆஸ்பிரின் தொகுத்த 'தீவ்ஸ் வேர்ல்ட்' ஒரே கதையைப் பகிரவில்லை, ஒரே ஊரைப் பகிர்ந்தது. சாங்க்சுவரி என்ற கற்பனை நகரம். அதன் தெருக்களும் மதுக்கடைகளும் எல்லோருக்கும் பொது. பவுல் ஆண்டர்சன், ஜான் பிரன்னர், லின் ஆபி முதலியோர் ஆளுக்கொரு சிறுகதை எழுதினார்கள். ஒருவரின் பாத்திரத்தை மற்றவர் பயன்படுத்தலாம், கொல்லக் கூடாது, குணத்தைத் திருத்தவும் கூடாது. ஃபிரீமனும் ஹோவர்டும் எடுத்துக்கொண்ட உரிமை இங்கே மூடப்பட்டது. ஒழுங்கு வந்தது, கூடவே கொஞ்சம் எச்சரிக்கையும் வந்தது. 1989 வரை 12 தொகுதிகள் வெளிவந்தன.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1987-இல் தொடங்கிய 'வைல்ட் கார்ட்ஸ்' மறுபடியும் கதையை நோக்கி நகர்ந்தது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் எழுத்தாளர் குழு ஒன்று இரவிரவாக ஆடிய பாத்திரமேற்பு விளையாட்டில் அதன் தொடக்கம். மெலிண்டா ஸ்னாட்கிராஸ் உடன் நின்று உதவினார். முதல் தொகுதியில் ஹோவர்ட் வால்ட்ராப் எழுதிய கதை, உலகையே மாற்றும் நோய்க்கிருமி நியூயார்க் மீது விழுந்த நாளை 1946 செப்டம்பர் 15 என்று நிலைநிறுத்தியது. பின்னால் வந்த அனைவரும் அந்தத் தேதிக்குக் கட்டுப்பட்டார்கள்.

இவ்வகைத் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுபவர்கள் கதைக்கு ஒரு வரியாக மதிப்பெண் போட்டுச் செல்வதே வழக்கம். தனிக் கதைகளின் தொகுப்புக்கு அது ஓரளவு போதும். 'வைல்ட் கார்ட்ஸ்' மூன்றாம் தொகுதியான 'ஜோக்கர்ஸ் வைல்ட்' அந்த முறைக்கு இடம் கொடுப்பதில்லை. கிருமி விழுந்த நாளின் நாற்பதாம் ஆண்டு நினைவு நாளில், ஒரே பகலும் இரவுமாக அது நடக்கிறது. ஏழு எழுத்தாளர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைப் பின்தொடர்கிறார்கள். அவர்கள் எழுதியதை மார்ட்டின் மணிவாரியாக வெட்டி ஒட்டியிருக்கிறார். அங்கே மதிப்பிட வேண்டியது இணைப்புகளைத்தான்: ஒருவரின் பாத்திரம் இன்னொருவரின் காட்சிக்குள் நுழையும்போது அதன் பேச்சு மாறிவிடுகிறதா, ஒருவர் தொடங்கிய ஆபத்தை இன்னொருவர் மறந்துவிடுகிறாரா என்பதைத்தான்.