புயல் பாதைக் கணிப்பில் கணினி மாதிரிகளின் ஒப்பீடு

கடலில் உருவாகிவரும் புயல் எந்தப் பக்கம் நகரும், எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று உலகின் பல வானிலை மையங்கள் கணினி மாதிரிகளைக் கொண்டு கணிக்கின்றன. அந்தக் கணிப்புகளை அருகருகே வைத்து, அவை ஒத்துப்போகும் இடத்தையும் பிரியும் இடத்தையும் ஆராய்வதே மாதிரி ஒப்பீடு. வானிலை ஆர்வலர்கள் பேச்சில் இவை 'மாடல்'கள். ஐரோப்பிய மாடல் சென்னை என்கிறது, அமெரிக்க மாடல் நெல்லூர் என்கிறது என்று வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடிபடும் பேச்சு இதைப் பற்றியதுதான். எந்த மாடல் ஜெயிக்கும் என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அவை எதனால் பிரிகின்றன என்று கண்டுகொண்டால், எதை எவ்வளவு நம்பலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

புயலை நகர்த்துவது எது

புயலைச் சுற்றியுள்ள பெருங்காற்றோட்டமே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. வங்கக்கடலில் புயலுக்கு வடக்கே உயரழுத்தம் வலுவாக நின்றால், புயல் மேற்கே தமிழகம் அல்லது ஆந்திரக் கரை நோக்கி வரும். வட இந்தியாவின் மேலே செல்லும் மேலைக்காற்றில் ஒரு தாழ்வு அலை வந்து அந்த உயரழுத்தத்தை உடைத்தால், புயல் வடக்கிலும் பிறகு வடகிழக்கிலும் திரும்பும். இரண்டு உயரழுத்தங்களுக்கு நடுவே சிக்கினால் நின்ற இடத்திலேயே நிற்கும். பூமி சுழல்வதன் விளைவாக வட அரைக்கோளப் புயல்களுக்கு மெல்லிய வடமேற்கு நகர்வு ஒன்றும் உண்டு.

பாதையைக் கணிக்கப் புயலின் வலுவும் தெரிந்தாக வேண்டும். வலுக்குறைந்த தாழ்வு மண்டலத்தைத் தரையை ஒட்டிய சில கிலோமீட்டர் உயரத்துக் காற்று இழுத்துச் செல்கிறது. வலுத்த புயலோ பத்து கிலோமீட்டருக்கும் மேலே எழுந்து நிற்பதால், உயரத்துக் காற்றும் அதைத் தள்ளும். கீழே கிழக்குக் காற்றும் மேலே மேற்குக் காற்றும் வீசும் நாளில் இந்த வேறுபாடு திசையையே மாற்றிவிடும். 2013 டிசம்பரில் வந்த மாதி புயல் இதற்கு நல்ல சான்று. வலுவாக இருந்தவரை வடக்கே ஏறியது. வலுவிழந்ததும் தென்மேற்கே திரும்பி வந்து, டிசம்பர் 12 அன்று வேதாரண்யம் அருகே வலுக்குறைந்த தாழ்வாகக் கரையைக் கடந்தது. ஆகவே புயல் வலுக்குமா என்பதில் முரண்படும் இரண்டு மாடல்கள், காற்றோட்டத்தைப் பற்றி ஒரே கருத்தில் இருந்தாலும் பாதையில் முரண்படும்.

மாதிரிகள்

ஐரோப்பிய மாடல் என்று சொல்லப்படுவது, 1975-இல் அமைக்கப்பட்டு இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையத்தின் ஐ.எஃப்.எஸ். அமெரிக்க மாடல் என்பது ஜி.எஃப்.எஸ். முன்னது உலகை ஏறத்தாழ 9 கி.மீ. கட்டங்களாகவும், பின்னது 13 கி.மீ. கட்டங்களாகவும் பிரித்துக் கணக்கிடுகிறது. ஜி.எஃப்.எஸ். நாளுக்கு நான்கு முறை ஓடி 16 நாள் வரை கணிக்கிறது. பிரிட்டன், ஜெர்மனி, கனடா, ஜப்பான் நாடுகளுக்கும் சொந்த மாதிரிகள் உண்டு. இந்தியாவில் நொய்டாவிலுள்ள தேசிய மையமும் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 12 கி.மீ. அளவில் மாதிரிகளை இயக்கிவந்தன. 6 கி.மீ. கட்டத்தில் இயங்கும் பாரத் முன்கணிப்பு அமைப்பு 2025 மே மாதம் அறிமுகமானது.

இவை எல்லாம் நம்பியிருப்பது ஒரே இயற்பியல் விதிகளைத்தான். கட்டத்தின் அளவைத் தவிர, முக்கியமாக வேறுபடுவது இரண்டு விஷயங்களில். ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் இடிமேகங்களை நேரடியாகக் கணக்கிட முடியாது. அவற்றின் விளைவைத் தோராயச் சூத்திரங்களால்தான் சேர்க்க முடியும். அந்தச் சூத்திரம் மையத்துக்கு மையம் மாறும். இரண்டாவது, கணக்கு தொடங்கும் நேரத்தில் காற்று, அழுத்தம், ஈரப்பதம் எப்படி இருந்தன என்ற தொடக்க நிலை. செயற்கைக்கோள், கப்பல், மிதவை, பலூன் ஆகியவற்றின் அளவீடுகளை ஒவ்வொரு மையமும் தன் வழியில் கலந்து அந்தத் தொடக்க நிலையை அமைக்கிறது.

உருவாகிவரும் நிலையில் தடுமாற்றம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தொடக்க நிலைதான். தாழ்வுப் பகுதியாக இருக்கும்போது சுழற்சியின் மையம் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. பழைய மையம் கரைந்து, நூறு கிலோமீட்டர் தள்ளி இடிமேகக் கூட்டத்துக்கு அடியில் புதிய மையம் பிறப்பதுண்டு. ஒரு மாடல் பழையதைப் பிடித்துக்கொண்டு ஓடும், மற்றொன்று புதியதை. அட்லாண்டிக்கில் அமெரிக்கா விமானங்களைப் புயலுக்குள்ளேயே அனுப்பி, அளவுக் கருவிகளைக் கீழே போட்டு மையத்தைக் கண்டறிகிறது. வங்கக்கடலில் அத்தகைய வழக்கமான விமான ஆய்வு இல்லை. கரையோர ராடார்களின் வீச்சுக்குள் புயல் வரும்வரை பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. நம் கடலுக்கு உடனடியாகத் தேவைப்படும் முதலீடு அத்தகைய விமான ஆய்வே.

ஒரே ஆண்டில் இரு தீர்ப்புகள்

2012 ஜூன் மாதம் மெக்சிகோ வளைகுடாவில் டெபி என்ற புயல் உருவானது. மேகங்கள் ஒரு பக்கம், மையம் ஒரு பக்கமாகச் சிதறிக் கிடந்த, வலுக்குறைந்த புயல். ஐரோப்பிய மாடல் அது மேற்கே டெக்சாஸ் பக்கம் போகும் என்றது. ஜி.எஃப்.எஸ். வடகிழக்கே ஃபுளோரிடா என்றது. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் தொடக்க அறிவிப்புகள் மேற்குத் திருப்பத்தையே கூறின. லூசியானாவின் சில பகுதிகளுக்கு எச்சரிக்கையும் விடப்பட்டது. புயல் ஜூன் 26 அன்று ஃபுளோரிடாவின் ஸ்டைன்ஹாட்சி அருகே கரையைக் கடந்தது. அம்மாநிலத்தின் வடபகுதியில் ஓரிடத்தில் 70 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

நான்கு மாதம் கழித்து சாண்டி வந்தது. அக்டோபர் 22 அன்று கரீபியன் கடலில் உருவாகி ஜமைக்கா, கியூபா வழியாக வடக்கே ஏறியது. அப்படி வடக்கே ஏறும் அக்டோபர் இறுதிப் புயல்கள் வடகிழக்கே நடுக்கடலுக்குப் போவதுதான் வழக்கம், ஜி.எஃப்.எஸ். அதையே கணித்தது. ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே ஐரோப்பிய மாடல், புயல் இடப்பக்கம் திரும்பி அமெரிக்கக் கரையில் மோதும் என்றது. வட அட்லாண்டிக்கில் நின்ற உயரழுத்தம் நடுக்கடல் வழியை அடைத்தது. அமெரிக்க நிலப்பகுதி மீதிருந்த தாழ்வு அலை புயலை மேற்கே இழுத்தது. கரையைக் கடக்க நான்கைந்து நாள் இருக்கும்போதுதான் ஜி.எஃப்.எஸ். அந்தப் பக்கம் வந்தது. அக்டோபர் 29 மாலை நியூ ஜெர்சியின் பிரிகன்டைன் அருகே சாண்டி கரையேறியது.

சாண்டிக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் வானிலைக் கணினிகளை வலுப்படுத்தவும் நிதி ஒதுக்கியது. கட்டத்தின் அளவு பெரிதாக இருந்ததே ஜி.எஃப்.எஸ். தவறியதற்குக் காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டது. பின்னர் வந்த ஓர் ஆய்வு வேறு விடை சொன்னது: திரள்மேகங்களைக் கணக்கில் சேர்க்கும் சூத்திரத்தின் பங்கே பெரிது. சாண்டியை மட்டும் நினைவில் வைத்து ஐரோப்பிய மாடலே எப்போதும் சரி என்று முடிவு கட்டுவோர் டெபியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குழுமக் கணிப்பு

தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறு வேறுபாடும் சில நாட்களில் முற்றிலும் வேறான வானிலைக்கு இட்டுச்செல்லும் என்று எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் காட்டினார். அதிலிருந்து பிறந்த வழிதான் குழுமக் கணிப்பு. ஒரே மாதிரியைச் சிறுசிறு மாற்றங்களுடன் பலமுறை ஓட்டுவது அதன் முறை. அமெரிக்க, ஐரோப்பிய மையங்கள் இரண்டும் 1992 டிசம்பரில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இன்று ஐரோப்பியக் குழுமத்தில் 51 உறுப்பினர்கள், அமெரிக்கக் குழுமத்தில் 31. வரைபடத்தில் நூல்கற்றைபோல் தெரியும் கோடுகள் இவைதான். கற்றை குறுகியிருந்தால் நம்பிக்கை கூடும், விரிந்திருந்தால் குறையும்.

கற்றை இரண்டாகப் பிளந்து நிற்கும் நேரம்தான் சிக்கலானது. பாதிக் கோடுகள் மேற்கே, பாதி வடகிழக்கே போகும்போது, இரண்டின் சராசரி நடுவே ஒரு கோடு போடும். அந்த நடுக்கோட்டில் எந்த உறுப்பினரும் போகவில்லை. புயலும் பெரும்பாலும் போகாது. பல மாதிரிகளின் சராசரி நீண்ட கால நோக்கில் தனி மாதிரிகளை விடக் குறைவாகவே தவறுகிறது என்பது உண்மை. அதனால்தான் இந்திய வானிலைத் துறையும் அமெரிக்கச் சூறாவளி மையமும் அதைப் பயன்படுத்துகின்றன. பிளவு நாட்களில் மட்டும் அந்தச் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிழையை அளப்பது

புயல் ஓய்ந்த பிறகு எல்லாத் தரவுகளையும் சேர்த்து உண்மைப் பாதை வரையப்படும். கணித்த மையத்துக்கும் உண்மை மையத்துக்கும் இடையிலான தூரமே பாதைப் பிழை. அதை, போகும் திசையிலேயே முந்துவது அல்லது பிந்துவது, பக்கவாட்டில் விலகுவது என இரண்டாகப் பிரிப்பார்கள். முன்னது வேகத்தில் வந்த பிழை, பின்னது திசையில் வந்த பிழை. இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது, இரண்டுமே கணித்த அதே புயல்களையும் அதே நேரங்களையும் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், எளிய புயல்களை மட்டும் கணித்த மாதிரி கெட்டிக்காரனாகத் தெரியும். அட்லாண்டிக்கில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 72 மணி நேரக் கணிப்பில் சராசரிப் பிழை ஏறத்தாழ 500 கி.மீ. இன்று அது 200 கி.மீ.க்குள் வந்துவிட்டது.

ஆனால் ஒரே அளவு பிழை எல்லாக் கரையிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. கரைக்குச் செங்குத்தாக வரும் புயல் பக்கவாட்டில் 50 கி.மீ. விலகினால், கரையேறும் இடமும் 50 கி.மீ. மாறும். கரையோடு 20 பாகைக் கோணத்தில் உரசிவரும் புயலில் அதே 50 கி.மீ. விலகல் கரையேறும் இடத்தை ஏறத்தாழ 150 கி.மீ. நகர்த்திவிடும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் அப்படிக் கரையை ஒட்டியே வடக்கே போன புயல். அது டிசம்பர் 5 அன்று கரையைக் கடந்தது, சென்னைக்கு 300 கி.மீ.க்கு அப்பால் உள்ள பாபட்லா அருகே. சென்னை மூழ்கியதோ அதற்கு முந்தைய நாளில்.

கஜாவும் ஃபெஞ்சலும்

2018 நவம்பர் 11-ஐ ஒட்டிய அறிவிப்புகளின்படி கஜா புயல் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்க வேண்டும். வடக்கே இருந்த உயரழுத்தம் அதைத் தென்மேற்கே அழுத்தியது. நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையேறியபோது, டெல்டாவின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஆனால் அந்த மாற்றம் கடைசி நேரத்தில் தெரியவந்ததல்ல. எச்சரிக்கைகள் முன்பே படிப்படியாகத் தெற்கே இறங்கிவந்தன. ஐந்து நாள் முன்பு கேட்ட ஊர்ப்பெயரை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்பைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று கஜா காட்டியது.

2024-இன் ஃபெஞ்சல் வேறு வகை. நவம்பர் 26 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமானது. மறுநாளே புயலாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இலங்கைக் கரையை ஒட்டி மெல்ல ஊர்ந்த அது, 29 பிற்பகலில்தான் புயலாயிற்று. 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும் பல மணி நேரம் நகரவில்லை. டிசம்பர் 1 காலை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேலும், மயிலத்தில் 50 செ.மீ. அளவிலும் மழை பெய்தது. மறுநாள் கடலுக்கு வெகுதொலைவில் உள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது, தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியது. பாதைப் பிழையை மட்டும் அளந்தால் இந்தப் பேரிடரின் காரணம் கணக்கிலேயே வராது. மாதிரிகளை ஒப்பிடும்போது கோட்டின் திசையோடு, ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் இடப்பட்ட புள்ளிகளின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். புள்ளிகள் நெருங்கி நின்றால் புயல் நிற்கப்போகிறது. மழை ஓரிடத்திலேயே கொட்டும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள்

2023-இல் ஹுவாவே நிறுவனத்தின் பாங்கு, கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ஆகிய மாதிரிகள் ஆய்விதழ்களில் வெளியாயின. இவை இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. 1979 முதலான பல்லாண்டு வானிலைப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டவை. பத்து நாள் கணிப்பை ஒரு நிமிட அளவில் முடித்துவிடும். ஐரோப்பிய மையம் தன் சொந்த நுண்ணறிவு மாதிரியை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாதைக் கணிப்பில் இவை பழைய மாதிரிகளுக்கு ஈடாகவும் சில வேளை மேலாகவும் இருக்கின்றன. காற்றின் உச்ச வேகத்தைக் குறைத்துக் காட்டுவது முதல் தலைமுறை மாதிரிகளின் குறை. ஆகவே வரும் ஆண்டுகளில் இவற்றைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிட, பழையவற்றோடு சேர்த்து ஒப்பிடுவதே பொருத்தம்.

பொதுமக்களுக்கு

அதிகாரப்பூர்வ வரைபடத்தில் புயலின் பாதையைச் சுற்றி வரையப்படும் கூம்பு, மையம் எங்கெங்கே போகக்கூடும் என்பதை மட்டும் குறிக்கிறது. அமெரிக்கச் சூறாவளி மையம் அதை முந்தைய ஐந்து ஆண்டுகளின் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே அடங்கும்படி வரைகிறது. அதாவது மூன்றில் ஒரு முறை மையம் கூம்புக்கு வெளியே போகலாம். மழையும் காற்றும் கூம்புக்குள் அடங்குவதில்லை. வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்குப் புதுதில்லியில் உள்ள மண்டல மையம் ஐந்து நாள் வரை பாதையைக் கணித்து வெளியிடுகிறது. புயல் நிலையை எட்டியபின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிவிப்பு வரும். இணையத்தில் சுற்றும் ஒரு மாடலின் ஒற்றைக் கோட்டைப் பார்த்து, நம் ஊர் தப்பிவிட்டது என்று கடலுக்குப் போவதையும் பயணம் கிளம்புவதையும் தவிருங்கள். கடைசியாக வந்த அறிவிப்பைக் கேட்டு முடிவெடுங்கள்.