'ஸ்கூலுக்கு மட்டம் போட நடிப்பா?' - குழந்தைகளின் வாழ்க்கையை மைக்ரேன் எப்படிப் பாதிக்கிறது?

காலையில் "அம்மா, தலை வலிக்குது" என்று அழுத பிள்ளை, மதியம் தூங்கி எழுந்ததும் ஓடியாடி விளையாடுகிறது. "எல்லாம் நடிப்பு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால், பல குழந்தைகளுக்கு மைக்ரேன் வந்து போகும் விதமே அதுதான்.

பெரியவர்களுக்கு வருவது போல இருக்குமா?

பெயர்தான் ஒற்றைத் தலைவலி. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நெற்றியில், இரண்டு பக்கமும் வலிக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாக 4 மணி நேரமாவது நீடிக்கும் வலி, குழந்தைகளுக்கு 2 மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். குமட்டல், வாந்தி இருக்கும். வெளிச்சம், சத்தம் பிடிக்காது.

வலி இல்லாத நாளிலும் பாதிப்பு

மைக்ரேன் உள்ள குழந்தைகளின் வாழ்க்கைத் தரம், புற்றுநோய், மூட்டுவாதம் உள்ள குழந்தைகளுக்கு இணையாகப் பாதிக்கப்படுவதாக 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறியது. படிப்பும் மனநிலையும்தான் அதிகம் அடிவாங்குகின்றன.

ஒரு நாள் லீவு போட்டால் பாடம் விட்டுப்போகும். மறுநாள் டெஸ்ட் என்றால் பதற்றம். அந்தப் பதற்றமே அடுத்த வலியைத் தூண்டலாம். "விளையாடும்போது வலி வந்துட்டா?" என்ற பயத்தில் சில குழந்தைகள் நண்பர்களிடமிருந்தே ஒதுங்கிவிடுகிறார்கள்.

பாதிப்பை எப்படி அளக்கிறார்கள்?

'பெட்மிடாஸ்' என்ற 6 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. கடந்த 3 மாதங்களில் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, ஹோம்வொர்க் செய்யவில்லை, விளையாடவில்லை என்று கேட்பார்கள். மொத்தம் 50-ஐத் தாண்டினால் கடுமையான பாதிப்பு.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* வலி வந்த நாள், நேரம், சாப்பாடு, தூக்கத்தை ஒரு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

* வேளைக்குச் சாப்பாடு, போதுமான தண்ணீர், ஒரே நேரத்தில் தூக்கம் அவசியம்.

* மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் மட்டுமே கொடுங்கள். அடிக்கடி கொடுத்தால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

* வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அமைதியான இடத்தில் கொஞ்ச நேரம் படுக்க விட்டாலே, பாதி நாளில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்காது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, கை கால் பலவீனம், பார்வை இரண்டாகத் தெரிவது. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மைக்ரேனை ஸ்கேனில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை சொல்வதை வைத்துத்தான் டாக்டரே முடிவுக்கு வருகிறார். அதனால், பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள்.