உதட்டில் பட்ட சூடு

ரப்பரைச் சட்டென்று இழுத்தால் சூடாகும். மலாக்காவில் ரப்பர் தரும் பால்மரம் ஒன்றுகூட இல்லாத காலத்திலேயே இதைக் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊர்க்காரரான ஜான் காஃப். அம்மை நோயால் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். ரப்பர் துண்டை உதட்டில் வைத்து இழுத்தபோது உணர்ந்ததை எழுதினார்; அது 1805-இல் அச்சேறியது. கை செலவழித்த உழைப்பு எப்படிச் சூடாயிற்று? அன்று யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

காஃபிடம் பாடம் கேட்டவர் ஜான் டால்டன். அணுக் கொள்கை தந்த அந்த டால்டனிடம் மான்செஸ்டரில் படித்தவர் மது ஆலை முதலாளியின் மகன் ஜேம்ஸ் ஜூல்.

பதிலுக்கு ஒரு துப்பு கிடைத்ததோ நம் பக்கத்தில். 1840-இல் டச்சுக் கப்பலில் ஜாவாவுக்கு வந்த ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர், மாலுமிகளுக்கு வைத்தியமாக ரத்தம் எடுத்தார். கருத்திருக்க வேண்டிய சிரை ரத்தம் பளிச்சென்று சிவந்திருந்தது. வெக்கை நாட்டில் உடம்பைச் சூடாக வைக்க உணவைக் குறைவாக எரித்தாலே போதும், அதனால்தான் இந்தச் சிவப்பு என்று யோசித்தார். சூடும் உழைப்பும் உண்ட சோற்றிலிருந்தே வருகின்றன. ஆற்றல் உருமாறும், அழியாது என்ற முடிவுக்கு வந்து 1842-இல் கட்டுரை வெளியிட்டார். ஜூல் நீருக்குள் துடுப்பைச் சுழற்றி, இவ்வளவு வேலைக்கு இவ்வளவு சூடு என்று அளந்தே காட்டினார். யார் முதல்வர் என்ற சர்ச்சை நீண்டது. 1859-இல் ஜூல், தன் ஆசிரியரின் ஆசிரியர் சொன்னதை ரப்பரிலேயே சோதித்து உறுதிசெய்தார்.

பிறகு ரப்பரே பயணம் கிளம்பியது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசில் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896-இல் மலாக்கா வணிகர் டான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். அடுத்து புக்கிட் ஆசகான். கடல் கடந்து வந்த தமிழர்கள் விடியுமுன் பிரட்டு என்ற பெயர்ப்பதிவு வரிசையில் நின்று, மரம் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் பால் சேர்த்த தோட்ட வாழ்க்கை இப்படித்தான் மலாக்காவில் வேரூன்றியது.

அந்த மரங்கள் வளர்ந்துகொண்டிருந்த 1905-இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைன், ஆற்றலுக்கும் நிறை உண்டு என்று நிறுவினார். நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். ஒரு கிராமுக்குள் இருப்பது சுமார் 2.5 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

இந்தச் சமன்பாட்டை அணுகுண்டோடு மட்டும் முடிச்சுப்போடுவது தவறு. இழுத்த ரப்பர் சூடாக இருக்கும்வரை அதன் நிறையும் சற்றே கூடியிருக்கும். ஆறும்போது, வெளியேறும் சூடு அந்த நிறையையும் எடுத்துப் போய்விடும். ஒரு ஜூல் ஆற்றலுக்கு, ஒரு கிராமில் ஏறக்குறைய கோடி கோடியில் ஒரு பங்கு. எந்தத் தராசிலும் தெரியாது. சூரியனிலோ இப்படி வெளியேறும் நிறை நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கும் மேல். அப்படி ஒளியாகிக் கரையும் நிறையில் ஒரு துளியை வாங்கித்தான் பால்மரம் பால் சுரக்கிறது; அந்தப் பாலை நம்பித்தான் மலாக்காத் தோட்டங்களில் தலைமுறைகள் பிழைத்தன.