முப்பது அங்குலம்: கோல்ஃபில் ஆட்டம் கைவிட்டுப் போவதும் மீட்க எடுத்த முயற்சிகளும்

1956 ஜூன். நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரிலுள்ள ஓக் ஹில் மைதானத்தில் அமெரிக்க ஓபன் போட்டியின் கடைசிச் சுற்று. 17-ஆவது குழியருகே பென் ஹோகன் நிற்கிறார். பந்துக்கும் குழிக்கும் இடையே 30 அங்குலம். குழியின் வாய் 4.25 அங்குல அகலம், பந்து 1.68 அங்குலம். இரண்டு பந்து ஒருசேர விழுமளவுக்கு இடம் உண்டு. நிற்பவரோ இதே பட்டத்தை நான்கு முறை வென்றவர். 1949-இல் கார் மீது பேருந்து மோதிச் சாவின் விளிம்புவரை போய்வந்து, 1953-இல் ஒரே ஆண்டில் மூன்று பெரும்போட்டிகளை வென்றவர். தட்டினார். பந்து விழவில்லை. கேரி மிடில்காஃபிடம் ஒரே அடியில் பட்டம் போனது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ‘ஃபார்ம் போவது’ புதிதல்ல. ஆனால் அங்கே பந்து வீச எதிரே ஓர் ஆள் இருக்கிறார். ஆடுகளம், ஈரப்பதம், நடுவர் என்று பழிபோடப் பத்து இடம் உண்டு. கோல்ஃபில் பந்து புல்மேல் சும்மா கிடக்கிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை. அப்படியிருந்தும் நேற்றுவரை செய்த வேலையை இன்று கை செய்ய மறுக்கிறது என்றால், கோளாறு ஆடுபவருக்குள்தான் இருக்க வேண்டும். திறன் விலகிப்போவதை ஆராய இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது.

சுமார் நூற்றிருபது ஆண்டுச் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மீளும் வழியை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்கள்தாம். விதி வகுப்போர் அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். அறிவியல் கடைசியில் வந்து, அவை ஏன் பலித்தன என்று விளக்கியது.

பெயர் இல்லாத காலம்

ஜெர்சி தீவில் பிறந்த ஹாரி வார்டன் 1896-க்கும் 1914-க்கும் இடையே பிரிட்டிஷ் ஓபனை ஆறு முறை வென்றார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் எட்டவில்லை. 1903-இல் அவருக்குக் காசநோய் கண்டது. தேறி வந்தபின் அவருடைய நீண்ட அடிகளில் குறை எதுவும் தெரியவில்லை. குழிக்கு அருகில், மெல்லத் தட்ட வேண்டிய இடத்தில் மட்டும், மட்டை பந்தைத் தொடும் கணத்தில் வலக்கை தானாகத் துள்ளியது. இதை வார்டன் தாமே எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். தொலைவிலிருந்து தட்டும்போது வராத துள்ளல் கிட்டத்திலிருந்து தட்டும்போது வந்தது என்பதே அவருடைய நுட்பமான கவனிப்பு. 1920-இல் ஒஹையோவின் இன்வெர்னஸ் மைதானத்தில், 50 வயதில், அமெரிக்க ஓபன் அவர் கைக்கு எட்டியிருந்தது. கடைசிக் குழிகளில் காற்று வலுத்தது. கிட்டத்துத் தட்டல்களும் தவறின. ஒரே அடியில் டெட் ரே வென்றார்.

அக்காலத்தில் இதை ‘நரம்புத் தளர்ச்சி’ என்றார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு வசையும் ஒளிந்திருந்தது: ஆளுக்குத் தைரியம் போதாது. அந்த வசையை முறித்ததில் டாமி ஆர்மருக்குப் பெரும் பங்கு உண்டு. எடின்பரோவில் பிறந்து, முதல் உலகப் போரில் ஒரு கண்ணின் பார்வையை இழந்து, பின் அமெரிக்கா சென்று 1927-இல் அமெரிக்க ஓபன், 1930-இல் பி.ஜி.ஏ., 1931-இல் பிரிட்டிஷ் ஓபன் என மூன்று பெரும்பட்டங்களை வென்றவர் அவர். போர்க்களம் கண்டவரைக் கோழை என்று யார் சொல்வது? குறுந்தட்டலில் கை துள்ளும் கோளாறுக்கு ‘யிப்ஸ்’ என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது. மூளையில் எழும் ஒருவகை இழுப்பு என்று அவர் அதை விளக்கினார். மருத்துவர்கள் இதே முடிவுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. பெயர் கிடைத்ததும் ஒழுக்கக் குறையாகக் கருதப்பட்டது நோயாயிற்று. இன்றும் பல ஆட்டக்காரர்கள் அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். அம்மை என்று சொல்லாமல் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்னும் நம்மூர் வழக்கம் போலத்தான்.

கையை ஏமாற்றியவர்கள்

அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் 82 போட்டிகளை வென்ற சாம் ஸ்னீடுக்கும் இது வந்தது. 1966-இல் அவர் செய்தது விசித்திரமான காரியம். பந்து போகவேண்டிய கோட்டின் இருபுறமும் கால்களை அகட்டி நின்று, குழியை நேருக்கு நேர் பார்த்து, குரோக்கே ஆடுபவரைப் போலக் கால்களுக்கு நடுவே புட்டரை (குழியருகே தட்டும் மட்டையை) ஆட்டினார். பந்து விழத் தொடங்கியது. பார்க்க அழகாக இல்லை என்பதும் உண்மை. பழைய தலைமுறைக்குப் பிடிக்கவில்லை. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து, தட்டும் கோட்டின் மீது கால் அகட்டி நிற்பது தடை செய்யப்பட்டது. ஸ்னீடு சளைக்கவில்லை. இரு கால்களையும் கோட்டுக்கு ஒரே பக்கமாகக் கொண்டுவந்து, முகத்தை மட்டும் குழியை நோக்கித் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் தட்டினார். விதி மீறப்படவில்லை. 1974-இல், 62 வயதில், பி.ஜி.ஏ. போட்டியில் லீ டிரெவினோவுக்கும் ஜாக் நிக்லாஸுக்கும் அடுத்து மூன்றாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

ஸ்னீடு செய்ததில் மருத்துவமும் இல்லை, மனவலிமைப் பயிற்சியும் இல்லை. கைக்கு அதுவரை தெரியாத புதிய வேலை ஒன்றைக் கொடுத்தார். பழைய வேலையோடு ஒட்டியிருந்த துள்ளல் புதிய வேலைக்குக் கூடவே வரவில்லை.

இதையே வாழ்நாள் முழுதும் செய்தவர் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர். இளம் வயதிலேயே யிப்ஸ் கண்டு, விட்டு, மீண்டும் கண்டு, பலமுறை அதோடு மல்லுக்கட்டியவர். 1985-இல் மாஸ்டர்ஸ் வென்றபோது கிட்டத்துத் தட்டல்களுக்கு இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். 1993-இல் மறுபடி அதே பட்டம். பிடி மட்டும் வேறு. இடக்கையைப் புட்டரின் தண்டில் கீழே இறக்கி, தண்டின் மேற்பகுதியை இட முன்கையோடு சேர்த்து, இரண்டையும் வலக்கையால் இறுக்கிக்கொண்டார். உடைந்த கைக்குக் கட்டை வைத்துக் கட்டியதுபோல் இருக்கும். மணிக்கட்டு அசையவே வழியில்லை. அசையாத மணிக்கட்டு எப்படித் துள்ளும்? 1990-களின் பிற்பகுதியில் நெஞ்சளவு உயரமுள்ள நீண்ட புட்டருக்கு மாறினார்.

இரண்டு மாஸ்டர்ஸ் வெற்றிகளுக்கும் நடுவே ஒரு தோல்வி. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதிய 1991 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், கடைசிக் குழியில், ஆறடித் தட்டல் ஒன்றை லாங்கர் தவறவிட, ஐரோப்பா கோப்பையை இழந்தது. அடுத்த வாரமே ஜெர்மன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். மீள்வதைப் பற்றி எழுதுவோர் இந்த ஒரு வாரத்தை அதிகம் கவனிப்பதில்லை. என் பார்வையில் அந்த மாஸ்டர்ஸ் பட்டங்களைவிட இதுவே பெரிது.

உடல் முழுதும் மறந்துபோனால்

தட்டலில் வரும் கோளாறுக்குப் பிடியை மாற்றலாம், புட்டரை மாற்றலாம். முழு வீச்சே கைவிட்டுப் போனால்? இங்கே வரலாறு அவ்வளவு ஆறுதல் தருவதில்லை.

டெக்சஸைச் சேர்ந்த ரால்ஃப் குல்டால் 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓபனையும், 1939-இல் மாஸ்டர்ஸையும் வென்றார். அதே 1939-இல் அவர் பெயரில் ஒரு பயிற்சி நூல் வந்தது. பக்கங்களை விரலால் சடசடவென்று புரட்டினால் அவருடைய வீச்சு திரைப்படம் போல ஓடும்படி படங்கள் அமைந்திருந்தன. 1942-க்குள் அவர் சுற்றை விட்டே விலகிவிட்டார். நூலுக்காகக் கண்ணாடி முன் நின்று தம் வீச்சைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், இயல்பாக வந்தது போய்விட்டது என்று ஒரு கதை நிலைத்துவிட்டது. கதை மிக அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். நூல் வந்த மறு ஆண்டும் அவர் வென்றிருக்கிறார். 1933-இல் அமெரிக்க ஓபனின் கடைசிக் குழியில் நாலடித் தட்டல் ஒன்றைத் தவறவிட்டு, சில காலம் ஆட்டத்தையே கைவிட்டு, பிறகு திரும்பி வந்தவர் அவர். ஊர் ஊராக அலையும் வாழ்வில் சலிப்புற்றார் என்பதும் காரணமாக இருக்கலாம். கண்ணாடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

ஆஸ்திரேலியாவின் இயன் பேக்கர்-ஃபிஞ்ச் விஷயத்தில் இப்படித் தப்பிக்க இடமில்லை. 1991-இல் ராயல் பர்க்டேலில் பிரிட்டிஷ் ஓபன் வென்றார். பின் இன்னும் தொலைவாக அடிக்க வேண்டும் என்று வீச்சைத் திருத்தப் புகுந்தார். 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கச் சுற்றில் கலந்துகொண்ட 29 போட்டிகளில் ஒன்றில்கூடக் கடைசிச் சுற்றை எட்டவில்லை. தகுதியிழந்தார், அல்லது இடையில் விலகினார். 1995-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் முதல் அடியைத் தொடங்கினார். அங்கே முதல் குழிக்கும் 18-ஆவது குழிக்கும் பொதுவாகப் பரந்த புல்வெளி. கோல்ஃபில் இதைவிட அகலமான இலக்கு காண்பது அரிது. அவர் பந்து அந்த வெளி முழுவதையும் தாண்டி, இடப்பக்க எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. பயிற்சித் திடலில் அதே மனிதர் அப்பழுக்கில்லாமல் அடித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் கொடுமை. 1997-இல் ராயல் ட்ரூனில் முதல் சுற்றில் 92 அடிகள். அத்தோடு நிறுத்திக்கொண்டு, பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளரானார்.

டேவிட் டுவால் கதைக்கு வேறு முடிவு. 1999-இல் உலகின் முதல் இடம், 2001-இல் பிரிட்டிஷ் ஓபன், அதன்பின் காயங்களும் சரிவும். 2009 அமெரிக்க ஓபனுக்கு அவர் வந்தபோது தரவரிசை 882. அந்தப் போட்டியில் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதற்குப் பிறகும் வெற்றி திரும்பவில்லை. மீட்சி என்பது சில சமயம் நான்கு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போகிறது.

ஆய்வகம் சொன்னது

1989-இல் நரம்பியல் இதழ் ஒன்றில் மெக்டானியல், கம்மிங்ஸ், ஷெய்ன் ஆகியோர் யிப்ஸை ‘டிஸ்டோனியா’ என்ற தசை இறுக்கக் கோளாறாக வகைப்படுத்தினர். எழுத உட்காரும்போது மட்டும் விரல் இழுத்துக்கொள்ளும் எழுத்தர், வாத்தியத்தைத் தொட்டால் மட்டும் விரல் மடங்கும் இசைக்கலைஞர் ஆகியோரின் குடும்பத்தில் கோல்ஃப் ஆட்டக்காரரும் சேர்ந்தார். மேயோ மருத்துவ மையக் குழுவினர் 2000 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதை இரண்டாகப் பிரித்தன: ஒருபுறம் தசைக் கோளாறு, மறுபுறம் பதற்றம், நடுவில் பலர். சார்லஸ் ஆட்லர் குழு 2005-இல் தட்டும்போது முன்கைத் தசைகளின் மின்னசைவைப் பதிவு செய்தது. எதிரெதிராக இயங்க வேண்டிய தசைகள் ஒரே நேரத்தில் இறுகுவது யிப்ஸ் உள்ளவர்களிடம் மட்டும் தென்பட்டது.

பதற்றத்தின் பக்கம் உளவியலாளர்கள் நின்றார்கள். ரிச் மாஸ்டர்ஸ் 1992-இல் புதியவர்களுக்குத் தட்டலைக் கற்பித்தார். ஒரு பிரிவினருக்கு விளக்கமான குறிப்புகள். மற்றவர்கள் எழுத்துகளை வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே கற்றார்கள். நெருக்கடி தந்தபோது, குறிப்புகளை மனத்தில் ஏற்றியவர்கள் தடுமாறினார்கள். வாயை வேலையில் வைத்துக் கற்றவர்கள் தடுமாறவில்லை. சயன் பைலாக்கும் தாமஸ் காரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: கேமரா முன்பாகவே பயிற்சி செய்து, பார்க்கப்படுவதற்குப் பழகியவர்கள் நெருக்கடியில் தளரவில்லை. பழகிய கையை அறிவு கண்காணிக்கத் தொடங்கினால் கை தடுமாறும் என்பது இந்த ஆய்வுகளின் சாரம். அப்படியானால் குல்டாலின் கண்ணாடிக் கதையை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. என் சந்தேகத்தை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன்.

தசைக் கோளாறு உள்ளவர் மனத்தை எவ்வளவு அமைதிப்படுத்தினாலும் கை துள்ளும். அவருக்குப் புதுப் பிடியே மருந்து. பதற்றம் உள்ளவருக்குக் கருவியை மாற்றுவது தற்காலிகத் தீர்வு. அவர் பழக வேண்டியது நெருக்கடியோடு. இருவருக்கும் ‘தைரியமாக ஆடு’ என்ற ஒரே அறிவுரையைத் தருவதுதான் இன்றும் மைதானங்களில் நடக்கிறது. அது வீண்.

விதி வகுப்போர் மட்டும் 1968-இல் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. 2011 பி.ஜி.ஏ. தொடங்கி 2013 மாஸ்டர்ஸ் வரை நான்கு பெரும்பட்டங்களை, புட்டரின் முனையை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றித் தட்டியவர்கள் வென்றார்கள். 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து அப்படி ஊன்றுவது தடை செய்யப்பட்டது. அந்த ஏப்ரலில் மாஸ்டர்ஸின் முதல் குழியில், மூன்றடிக்கு உட்பட்ட தூரத்திலிருந்து பந்தைக் குழியில் போட எர்னி எல்ஸ் ஆறு முறை தட்டினார். 2012 பிரிட்டிஷ் ஓபனை வயிற்றில் ஊன்றிய புட்டரால் வென்றவர் அவர். தடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; தடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

லாங்கர் நீண்ட புட்டரைக் கைவிடவில்லை. முனையை நெஞ்சில் படாமல் விரலளவு தள்ளிப் பிடித்துக்கொண்டார். 2023 ஜூலையில் விஸ்கான்சினில் நடந்த அமெரிக்க மூத்தோர் ஓபனை அப்படித்தான் வென்றார். அது மூத்தோர் சுற்றில் அவருடைய 46-ஆவது வெற்றி. அதுவரை இருந்த சாதனை 45. அப்போது அவருக்கு வயது 65.