நிற மழை: காரணங்களும் உடல்நலப் பாதுகாப்பும்

மழைநீர் சிவப்பு, மஞ்சள், பச்சை அல்லது கறுப்பு நிறத்துடன் பொழிவது நிற மழை எனப்படுகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் மழைத்துளியுடன் கலந்து தரையிறங்குவதே இதற்குக் காரணம். அத்துகள் மண்ணாக இருக்கலாம். பாசியின் வித்தாகவோ மகரந்தமாகவோ புகைக்கரியாகவோ இருக்கலாம். எனவே "நிற மழை உடலுக்குத் தீங்கானதா?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கலந்திருப்பது எது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது, நிறம் தீர்மானிப்பதில்லை.

கேரளத்தின் சிவப்பு மழை

2001 ஜூலை 25 முதல் செப்டம்பர் வரை, கேரளத்தின் கோட்டயம், பத்தனம்திட்டா, இடுக்கி மாவட்டங்களில் பல இடங்களில் சிவப்பு மழை விட்டுவிட்டுப் பெய்தது. பெரும்பாலும் சிறிய பரப்பில், சில நிமிடங்களே நீடித்தது. கொடியில் உலர்த்தியிருந்த துணிகளில் சாயம் ஏறியது. முதல் மழைக்கு முன்னர் பேரிடி போன்ற ஓசையும் ஒளிக்கீற்றும் தோன்றியதாகச் சங்கனாச்சேரிப் பகுதி மக்கள் கூறினர்.

அந்த ஓசையை அடிப்படையாகக் கொண்டு, விண்கல் ஒன்று வானில் வெடித்துச் சிதறியிருக்கலாம் எனத் திருவனந்தபுரத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் கருதியது. சில நாள்களிலேயே அக்கருத்தை அம்மையம் கைவிட்டது. விண்கல்லின் துகள்கள் வாரக்கணக்கில் அதே வட்டாரத்தில் மட்டும் விழுந்துகொண்டிருக்க இயலாது. மேலும், நுண்ணோக்கியில் தெரிந்தவை கல்துகள்கள் அல்ல, உயிரணுக்கள். தவறான முதல் கணிப்பை இவ்வளவு விரைவாகத் திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. மருத்துவத்திலும் முதல் நோயறிதல் மாறுவது உண்டு.

பின்னர் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அத்துகள்களை ஊட்டக் கரைசலில் வளர்த்துப் பார்த்தது. அவை டிரென்டிபோலியா என்னும் பாசியாக வளர்ந்தன. மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன்களில் இப்பாசி வாழ்கிறது. சங்கனாச்சேரிப் பகுதி மரங்களில் லைக்கன்கள் மிகுதியாகக் காணப்பட்டன. அவற்றிலிருந்து வளர்த்த பாசியும் மழையில் கிடைத்ததும் ஒத்திருந்தன. 2001 நவம்பரில் வெளியான கூட்டறிக்கை இதனைத் தெரிவித்தது. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகை நிறமிகளே இப்பாசிக்கும் செம்மஞ்சள் நிறத்தைத் தருகின்றன. இத்தனை வித்துகள் ஒரே காலத்தில் எவ்வாறு முகில்களை அடைந்தன என்பதற்கு மட்டும் அவ்வறிக்கையில் தெளிவான விளக்கம் இல்லை.

அந்த இடைவெளியில்தான் வேறொரு கருதுகோள் தோன்றியது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழக இயற்பியலாளர்களான காட்ஃபிரே லூயிசும் சந்தோஷ் குமாரும், இவ்வுயிரணுக்கள் வால்மீன் ஒன்றிலிருந்து வந்த வேற்றுலக உயிர்களாக இருக்கலாம் என்று 2006இல் ஓர் ஆய்விதழில் எழுதினர். உலக ஊடகங்கள் அதனைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால் 2015இல் வெளியான மரபணு ஆய்வு, அவை டிரென்டிபோலியா இனத்தைச் சேர்ந்தவையே என உறுதிசெய்தது. 2012 நவம்பரில் இலங்கையின் சில பகுதிகளில் பெய்த சிவப்பு மழைக்கும் நுண்பாசியே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

பாசி மட்டுமே காரணம் என்பதும் இல்லை. தென் ஐரோப்பாவில் பெய்யும் சிவப்பு மழையில் பெரும்பாலும் சகாரா பாலைவனத்தின் மண்தூள் கலந்திருக்கும். 2002 ஜூனில் மேற்கு வங்கத்தின் சங்கிராம்பூர் கிராமத்தில் பச்சை கலந்த மஞ்சள் துளிகள் விழுந்தபோது, அது வேதியியல் தாக்குதலோ என மக்கள் அஞ்சினர். ஆய்வில் அவை மகரந்தம் நிறைந்த தேனீக்களின் எச்சம் என்று தெரிந்தது.

அஞ்ச வேண்டியது எது?

1945 ஆகஸ்ட் 6 அன்று, அணுகுண்டு வீசப்பட்ட ஹிரோஷிமாவில் பெய்த கறுப்பு மழையில் கதிரியக்கத் துகள்கள் கலந்திருந்தன. எனவே அருகில் தொழிற்சாலை, எரிபொருள் கிடங்கு அல்லது குப்பைக்கிடங்கு எரிந்துகொண்டிருக்கும்போது கறுப்பாகவோ எண்ணெய்ப் பசையுடனோ கடும் நெடியுடனோ மழை பெய்தால், அதனை ஆபத்தானதாகவே கொள்ள வேண்டும். வீட்டுக்குள் சென்று கதவு, சன்னல்களை மூடுங்கள்.

மாறாக, நிறமே இல்லாத மழையும் உயிரைப் பறித்ததுண்டு. 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வீசிய இடிமழைப் புயலின்போது புல் மகரந்தம் நுண்துண்டுகளாக உடைந்து காற்றில் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு விரைந்தனர். 10 பேர் உயிரிழந்தனர். அதுவரை ஆஸ்துமா இருப்பதாக அறியாதவர்களும் பாதிக்கப்பட்டனர். ஆகவே ஆஸ்துமா உள்ளவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும், மழையின் நிறத்தைவிட மூச்சின் நிலையை உற்றுநோக்க வேண்டும்.

நிற மழை பெய்தால் செய்ய வேண்டியவை

அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். மருந்தாகவோ தீர்த்தமாகவோ அருந்தவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். கொதிநிலை கிருமிகளைக் கொல்லுமே தவிர, கரைந்துள்ள உலோகங்களையும் வேதிப்பொருள்களையும் நீக்காது. மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி இருந்தால், கூரையிலிருந்து தொட்டிக்குச் செல்லும் குழாயை உடனே திருப்பிவிடுங்கள். நிற நீர் ஏற்கெனவே தொட்டிக்குள் சென்றிருந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை வேறு குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

மேலே பட்டுவிட்டால் தூய நீரும் சோப்பும் கொண்டு கழுவினால் போதும். கண்ணில் பட்டால் கசக்காமல், தூய நீரைச் சில நிமிடங்கள் ஊற்றிக் கழுவுங்கள். எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

திண்ணையிலும் முற்றத்திலும் படிந்த தூளை உலர்ந்த பின் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கேரள மழையில் கண்ட வித்துகள் பெரும்பாலும் 4 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவே இருந்தன. இவ்வளவு நுண்ணியவை துளியில் இருக்கும்வரை மூச்சில் எளிதில் கலப்பதில்லை. உலர்ந்து, பெருக்கும்போது எழும்பினால் மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும், வேதிச்சிகிச்சை பெறுபவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் இப்பணியைச் செய்யாமல் பிறரிடம் விட வேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் அதனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். மூச்சுத்திணறல் தணியவில்லை என்றாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இயன்றால் சிறிது மழைநீரைத் தூய கண்ணாடிப் புட்டியில் பிடித்து மூடி, நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதி ஒட்டிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கூரையில் வழிந்த நீர் வேண்டாம். திறந்த வெளியில் வைத்த பாத்திரத்தில் நேரடியாக விழுந்த நீரே பரிசோதனைக்கு ஏற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சுகாதார ஆய்வாளரிடமோ அதனை ஒப்படையுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டு பாசியா, மண்ணா, கரியா எனக் கூற எந்த மருத்துவராலும் இயலாது. நுண்ணோக்கியின் அடியில் ஒரு துளி போதும்.