மருத்துவ ஆசிரியர் பயிற்சி

மருத்துவ ஆசிரியர் பயிற்சி என்பது, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் பாடம் சொல்லும் மருத்துவர்களுக்கு, கற்பிக்கும் கலையைப் பயிற்றுவிப்பது. வார்டு, புறநோயாளிப் பிரிவு, அறுவை அரங்கு ஆகியவையே இவர்களின் வகுப்பறைகள். தனித்துறையாக இது 1950களில்தான் உருவானது. படுக்கையருகே பாடம் சொல்லும் வழக்கமோ அதைவிட மிகப் பழையது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெர்மன் பூர்ஹாவே வெறும் 12 படுக்கைகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்களை ஈர்த்தார். 1890களில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை விரிவுரை அரங்கிலிருந்து வார்டுக்குக் கூட்டிவந்து, நோயாளிகளை அவர்கள் பொறுப்பில் விட்டார். ஆனால், எப்படிக் கற்பிப்பது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நல்ல மருத்துவர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்பது யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. ‘சீஃப்’ எனப்படும் மூத்த மருத்துவர் சொல்லிக்கொடுத்த விதத்திலேயே அவரிடம் படித்தவர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளி முன்னால் மாணவரைத் திட்டும் பழக்கமும் அப்படியே கைமாறியது.

இந்த நம்பிக்கையை அசைத்தது நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகம். 1955 வாக்கில் அங்கு மருத்துவர் ஜார்ஜ் மில்லரும் கல்வியியல் துறையைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஆபிரகாம்சனும் மருத்துவப் பேராசிரியர்களைக் கல்வியியல் அறிஞர்களோடு ஒரே மேசையில் உட்காரவைத்தனர். மாணவர் எப்படிக் கற்கிறார், தேர்வு உண்மையில் எதை அளக்கிறது என்பவை அங்கே பேசுபொருளாயின. மில்லர் 1959இல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக்கென ஓர் அலுவலகத்தை நிறுவினார். உலக சுகாதார நிறுவனம் அதை மையமாகக் கொண்டு ஒரு சங்கிலியை அமைத்தது: சிகாகோவில் பயின்றவர்கள் வட்டார மையங்களை நடத்துவார்கள், அங்கே பயின்றவர்கள் தம் நாடுகளில் தேசிய மையங்களைத் தொடங்குவார்கள். தென்கிழக்கு ஆசியாவுக்கான வட்டார மையங்களில் ஒன்று இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. இந்தியாவில் 1970களின் நடுவில் புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் பிறந்தது.

அந்தக் காலத்துப் பயிற்சியில் கற்றல் நோக்கங்களை எழுதுவதும் வினாத்தாள் அமைப்பதும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. இருபது நோயாளிகள் வெளியே காத்திருக்கையில் ஒரு மாணவருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு அதில் விடை குறைவு. வார்டின் பக்கம் பார்வை திரும்பியது 1980களில்தான். மாணவரிடம் குறைநிறைகளை எப்படிச் சொல்வது என்று 1983இல் மருத்துவர் ஜாக் எண்டே எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கெல்லி ஸ்கெஃப், மருத்துவர்கள் தாம் கற்பிப்பதை வீடியோவில் பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறையை வளர்த்தார்.

1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் வெளியிட்ட ‘ஒரு நிமிட ஆசிரியர்’ முறை இவற்றில் மிக எளியது. காய்ச்சலோடு வந்த குழந்தையைப் பார்த்துவிட்டு ஹவுஸ் சர்ஜன் கேஸைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆசிரியர் உடனே குறுக்கிட்டு நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். இந்த முறையில் முதலில் “நீங்க என்னன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டு, அவரை ஒரு முடிவுக்கு வரவைக்க வேண்டும். அடுத்து, “எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?” அதன் பின் அந்தக் கேஸிலிருந்து ஒரே ஒரு பொதுவிதி, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லும் ஒரு வாக்கியம், கடைசியாகப் பிழைதிருத்தம். ஐந்தில் மூத்த மருத்துவர்களுக்குக் கடினமானது முதல் படிதான். வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டுமே!

கற்பிக்கும் பயிற்சி மெல்ல விதிமுறைகளுக்குள்ளும் வந்தது. பிரிட்டனில் மருத்துவப் பயிற்சி அளிப்பவர்களுக்கு முறையான அங்கீகாரம் வேண்டும் என்று பொது மருத்துவக் கவுன்சில் 2012இல் அறிவித்து, 2016க்குள் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு விதிமுறைகள் கல்லூரிகளில் மருத்துவக் கல்விப் பிரிவு வேண்டும் என்றன. பல இடங்களில் அது பெயர்ப்பலகையோடு நின்றது. 2009 முதல் வட்டார மையங்கள் வழியாகப் பயிலரங்குகள் நடந்தன. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் 2007இல் தொடங்கிய ஃபைமர் திட்டம் மருத்துவ ஆசிரியர்களுக்கு நீண்டகாலப் பயிற்சி தருகிறது.

2019இல் திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தபோது ஆசிரியர்களை அவசரமாகத் தயார்செய்ய வேண்டியிருந்தது. அடிப்படைப் பயிற்சி முடிக்காத உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக முடியாது என்று 2022ஆம் ஆண்டு விதிகள் கூறின. அந்தப் பயிற்சி மூன்று நாள் பயிலரங்காகக் கருத்தரங்கக் கூடத்தில் நடக்கிறது. பயில்பவர் தம் கல்லூரியிலேயே ஒரு கல்வி ஆய்வை நடத்திக்காட்ட வேண்டிய மேல்நிலைப் பயிற்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பதவி உயர்வுக்கு அது கட்டாயமில்லை.