நிகழ்தகவு கற்பித்தலில் நாணயமும் பகடையும்

நாணயத்தைச் சுண்டுவதும் பகடையை உருட்டுவதும் நிகழ்தகவைக் கற்பிக்கப் பயன்படும் அடிப்படைச் சோதனைகள் ஆகும். இவற்றைக் கணினியில் போலியாக நிகழ்த்திக் காட்டுவது உருவகப்படுத்துதல் எனப்படும். கையால் சில முறைகள் மட்டுமே செய்யக்கூடிய சோதனையை ஆயிரக்கணக்கில் செய்து பார்க்க இம்முறை உதவுகிறது.

தமிழகத்தில் பகடை

பகடை தமிழகத்தில் மிகப் பழைய காலம் முதல் வழக்கில் உள்ளது. கீழடி அகழாய்வில் பகடைக்காய்கள் கிடைத்துள்ளன. தாய விளையாட்டில் பொதுவாக இரண்டு நீள்கட்டைகள் உருட்டப்படுகின்றன. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் முறையே 0, 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டாகக் கொள்ளப்படும். இரு கட்டைகளும் விழும் வகைகள் மொத்தம் 16. அவற்றுள் பன்னிரண்டு ஒரு வகையிலும், தாயம் (1) இரண்டு வகைகளிலும், மூன்று நான்கு வகைகளிலும் விழும். எனவே தாயம் விழும் நிகழ்தகவு 2/16. மூன்று விழும் நிகழ்தகவு 4/16.

கோட்பாடும் சோதனையும்

இவ்வாறு வகைகளை எண்ணிக் கணக்கிடும் முறை 1654ஆம் ஆண்டில் பாஸ்கல், ஃபெர்மா ஆகியோரின் கடிதங்களால் வளர்ச்சி பெற்றது. சோதனைகளின் எண்ணிக்கை பெருகும்போது கிடைக்கும் விகிதம் உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என்பதை யாக்கோபு பெர்னூலி நிறுவினார். அவரது நூல் அவர் மறைந்த பின் 1713இல் வெளிவந்தது.

இதனைப் பலர் கையால் சோதித்தனர். பியூஃபோனின் 4040 சுண்டல்களில் 2048 தலைகள் விழுந்தன. கார்ல் பியர்சன் 24,000 முறை சுண்டி 12,012 தலைகளைப் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச் 10,000 சுண்டல்களில் 5067 தலைகளைப் பதிவு செய்தார். அதைக் கொண்டு 1946இல் ஓர் அறிமுக நூலையும் வெளியிட்டார்.

வகுப்பறையில் இத்தனை முறை சுண்ட இயலாது. பத்து முறை சுண்டும் மாணவருக்குச் சரியாக 5 தலைகள் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவே. எனவே "நிகழ்தகவு 1/2" என்ற பாடமும் கையில் கிடைத்த விடையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

பொன்னேரியில் படித்த கணிதவியலாளர்

சிங்கப்பெருமாள் கோயில், மாமல்லபுரம், பொன்னேரி ஆகிய ஊர்கள் முன்பு ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1940இல் சென்னையில் பிறந்த சீனிவாச வரதன் பொன்னேரியில் பள்ளிக் கல்வி பெற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். நிகழ்தகவுக் கோட்பாட்டில், குறிப்பாக 'பெரும் விலக்கங்கள்' பற்றி ஆற்றிய பணிக்காக 2007ஆம் ஆண்டின் ஏபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

எதிர்பார்த்த விகிதத்திலிருந்து வெகுவாக விலகும் நிகழ்வுகள் எவ்வளவு அரிதானவை என்பதை இக்கோட்பாடு ஆராய்கிறது. பத்துச் சுண்டல்களில் 60 விழுக்காடு அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு. நூறு சுண்டல்களில் அது 3 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆயிரம் சுண்டல்களில் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

கணினி வழிக் கற்பித்தல்

இந்த மாற்றத்தை விரிதாள் மென்பொருளிலோ ஜியோஜீப்ராவிலோ சில நொடிகளில் காணலாம். 2018இல் அறிமுகமான தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் நிகழ்தகவு ஓர் இயலாக உள்ளது; ஜியோஜீப்ராவுக்கான இணையச் செயல்பாடுகளும் அந்நூலில் தரப்பட்டுள்ளன.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கணினியில் இரு பக்கங்களும் சமவாய்ப்புடையவை என்பது முன்னரே நிரலில் எழுதப்பட்ட எடுகோள். வழக்கமான மென்பொருள்கள் தரும் எண்களும் ஒரு சூத்திரத்தால் உருவாக்கப்படும் போலிச் சமவாய்ப்பு எண்களே. ஒரு பக்கம் தேய்ந்த தாயக்கட்டை எப்படி விழும் என்பதைக் கணினி தானாக அறியாது. அதைக் கையால் உருட்டி எண்ணித்தான் அறிய வேண்டும். ஆகவே முதலில் கையால் சில முறைகள் உருட்டி முடிவுகளைக் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றைக் கணினி தரும் ஆயிரம் முடிவுகளோடு ஒப்பிடுவது இப்பாடத்திற்குப் பொருத்தமான வழியாகும்.